கொட்டாக்கண்ணும் ஜோடியக்காவும்

அந்த மில்லில் அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி வாசல் காவலாளியிலிருந்து முதலாளி வரைக்கும் எல்லாருக்கும் அவள் கொட்டாக்கண்ணுதான். கண்ணைக் கொட்டாமல் பார்ப்பவள். பட்டப்பெயர் என்றால் முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரிப்பார்கள். இவளை மட்டும் முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள், இவளும் அதைப் பதக்கம் மாதிரி வாங்கி மாட்டிக்கொண்டாள். அந்தப் பெருமைதான் பாதிக் கண்ணைக் கெடுத்தது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். மீதிப் பாதியைக் கெடுத்தவர் வேறு ஆள்.

வேலை என்னவென்று தெரிந்தால்தான் அந்தப் பெருமை புரியும். தறியிலிருந்து வரும் துணியை அப்படியே விற்றுவிட மாட்டார்கள். சாய்வாக நிறுத்திய ஒரு கண்ணாடி மேஜை, அதற்குப் பின்னால் வரிசையாக டியூப்லைட். துணி மேலேயிருந்து கீழே ஓடிக்கொண்டே இருக்கும். அதன் எதிரே உயரமான இரண்டு ஸ்டூல், அதில் இரண்டு பெண்கள். ஒருத்தி இடது பாதியைப் பார்க்க வேண்டும், ஒருத்தி வலது பாதியை. இழை அறுந்திருக்கிறதா, முடிச்சு விழுந்திருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்த்து, பட்டென்று மெஷினை நிறுத்தி ஓரத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒரு துணிச்சுருள் முடிந்ததும் இரண்டு பேரும் முத்திரை குத்துவார்கள். குறை எந்தப் பாதியில் தப்பினாலும் திட்டு இரண்டு பேருக்கும்தான். அதனால் மில்லில் புருஷன் பெண்டாட்டிக்கு அடுத்தபடி பெரிய உறவு மேஜை ஜோடிதான் என்பார்கள்.

அந்த மேஜைக்கு ஒரு சட்டம் உண்டு. எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்: ஜோடியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்ணைக் கொட்டக்கூடாது. துணி ஓடுகிற வேகத்தில் இமை மூடித் திறப்பதற்குள் ஒரு சாண் போய்விடும். மற்றப் பெண்கள் அரைகுறையாக, இமையைப் பாதி இறக்கி ஏற்றி, திருட்டுத்தனமாகக் கொட்டிக்கொள்வார்கள். இவள் அதையும் விட்டுவிட்டாள். ஒரு நாள் டீ இடைவேளையில் பந்தயம் வைத்து எண்ணினார்கள். நூற்றுப் பத்து எண்ணும் வரைக்கும் இவள் இமை அசையவில்லை. பட்டப்பெயர் வந்தது அன்றைக்குத்தான்.

அவளுடைய ஜோடி ஆறு வயது மூத்தவர். இவள் "அக்கா" என்று கூப்பிட்டு, மற்றவர்களுக்கும் அவர் ஜோடியக்கா ஆகிவிட்டார். பதினாறு வருஷம் இரண்டு பேருக்கும் ஒரே மேஜை. ஜோடியக்காவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனபோது ஆஸ்பத்திரியில் பாதி நாள் இவள்தான் இருந்தாள். இவளுக்குப் பிரசவ வலி எடுத்தது மேஜையில் உட்கார்ந்திருந்தபோது. கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனவர் ஜோடியக்கா. சொந்த அக்கா இவளுக்கு ஒருத்தி இருக்கிறாள், வருஷத்துக்கு ஒரு தடவை போன் பண்ணினால் அதிகம்.

கண் வம்பு தொடங்கியது இரண்டரை வருஷம் முன்பு. முதலில் மணல் விழுந்த மாதிரி இருந்தது. தண்ணீர் விட்டுக் கழுவினாள், புருஷனை ஊதச் சொன்னாள், தலையணை உறையைத் துவைத்தாள். விழாத மணல் எப்படிப் போகும்? பிறகு சாயங்காலமானால் எரிச்சல். காலையில் எழுந்தால் இமை ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கும். அதற்கும் பிறகு வந்ததுதான் பெரிய கூத்து: கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக ஊற்ற ஆரம்பித்தது. காற்று பட்டால் ஊற்றும், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஊற்றும், கடையில் சோப்பு வாங்கிக்கொண்டிருக்கும்போது காரணமே இல்லாமல் ஊற்றும்.

அவள் புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஈயைக்கூட "கொஞ்சம் தள்ளி உக்காரு" என்று கேட்டுக்கொள்கிற ரகம். அப்பேர்ப்பட்ட மனுஷரை வீட்டுச் சொந்தக்காரம்மா படியில் நிறுத்தி, "ஏம்பா, பார்க்கப் பசு மாதிரி இருக்க, அந்தப் பொண்ணை உள்ள வச்சு என்ன பாடு படுத்தற?" என்று கேட்டுவிட்டாள்.

அவர் கூனிக்குறுகி மேலே வந்தார்.

"ஏம்மா, உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன். தெருவுல வர்றப்போ அழாத. என் மானம் போகுது."

"நான் எங்கங்க அழறேன்? அதுவா வருது."

"அதுவா வந்தா அதுக்குப் பேரு என்னவாம்?"

அவர் கேட்டதிலும் தப்பில்லை. இவ்வளவு தண்ணீர் கொட்டுகிற கண் வறண்டுபோன கண் என்று யாருக்குத்தான் தோன்றும்?

மில்லில் அவள் வாய் திறக்கவில்லை. கண்ணில் கோளாறு என்று ஒரு வார்த்தை வெளியே போனால் அடுத்த நாளே மடிப்புப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். மடிப்பு என்றால் மேஜைக்காரர்களுக்கு இறக்கம். சம்பளமும் குறையும், முத்திரையும் போகும். பதினாறு வருஷம் அவள் முத்திரை குத்திய சுருள் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்த முத்திரைதான் அவளுக்குப் பட்டம், பதவி எல்லாம். அதனால் ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னாள்.

ஜோடியக்கா அவள் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். தன் கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தார்.

"இந்தச் சொட்டைப் போடு. பத்து நிமிஷத்துல சிவப்பு ஓடிடும். நான் இதைத்தான் போடறேன்."

"டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடட்டுமா அக்கா?"

"பைத்தியமா உனக்கு? டாக்டர் சீட்டு எழுதுவார். சீட்டு எப்படியாவது சூப்பர்வைசர் கைக்குப் போகும். அப்புறம் நீ மடிப்புல நின்னுக்கிட்டு அழ வேண்டியதுதான். பேசாம இதைப் போடு."

போட்டாள். சொன்ன மாதிரியே பத்து நிமிஷத்தில் கண் பளிச்சென்று வெளுத்தது. ஒரு மணி நேரம் கழித்து முன்பைவிடச் சிவந்தது. மறுபடி போட்டாள். பாட்டில் தீர்ந்ததும் காலி பாட்டிலைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கினாள். நாளைக்கு இரண்டு தடவை என்பது நான்காகி, ஆறாகி, கைப்பையில் எப்போதும் ஒரு பாட்டில், மேஜை இழுப்பறையில் ஒரு பாட்டில் என்றானது. துணி மங்கலாகத் தெரிகிற சமயங்களில் ஜோடியக்காவின் முழங்கையை இலேசாக இடிப்பாள். அவர் கொஞ்ச நேரம் முழுத் துணியையும் தாமே பார்த்துக்கொள்வார். அதற்காக அவரை அவள் கும்பிடாத குறை. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய்த் திரைச்சீலை துவைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். அவர் கேட்கவில்லை, இவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

இப்படி இருக்கும்போது சூப்பர்வைசர் எல்லாரையும் கூப்பிட்டுச் செய்தி சொன்னார். கேமரா வைத்த புது மெஷின் வருகிறது. கேமராவே பாதிக் குறையைப் பிடித்துவிடும். இனிமேல் மேஜைக்கு ஒருத்தர் போதும். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருத்தர் இருப்பார், ஒருத்தர் மடிப்புக்குப் போவார்.

கேட்டதும் அவள் கை தானாகக் கைப்பைக்குள் பாட்டிலைத் தேடியது. ஜோடியக்காதான் தோளைத் தட்டினார். "நீ ஏன்டி பயப்படற? நீயே இருந்துக்கோ. எனக்கு இன்னும் எத்தனை வருஷம்? நான் மடிப்புக்குப் போறேன்." இதைக் கேட்டு அவள் குளியலறையில் போய் நிஜமாகவே அழுதாள். தனக்காக இப்படி ஒருத்தர் விட்டுக்கொடுக்கும்போது, இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அந்த ஸ்டூலில் தனியாக எப்படி உட்காருவது? முழங்கையால் இடிக்கப் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்களே. எப்படியாவது கண்ணைச் சரி பண்ணியே ஆக வேண்டும் என்று அன்றைக்கு முடிவு கட்டினாள்.

மில்லுக்குப் பக்கத்தில் இரண்டு கண் டாக்டர்கள் இருந்தார்கள். அங்கே போனால் யார் கண்ணிலாவது பட்டுவிடும். தேடித் தேடி, இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில், செருப்புக் கடைக்கு மேல் மாடியில் ஒரு கண் ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்தாள். மில்லுக்கு விடுமுறை நாளில், புருஷனிடம்கூடச் சொல்லாமல் போனாள்.

டாக்டரம்மா பொறுமைசாலி. கீழ் இமைக்குள் ஒரு மெல்லிய காகிதத் துண்டைச் செருகி ஐந்து நிமிஷம் விட்டார். ஒரு மஞ்சள் சொட்டு விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார். இமை விளிம்பை விரலால் அழுத்திப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"உங்க கண்ணு வறண்டு கிடக்குதும்மா. நாள்பட்ட வறட்சி."

"வறட்சியா? தண்ணி கொட்டோ கொட்டுன்னு கொட்டுதே டாக்டர்."

"அதான் விஷயமே. கண்ணுக்கு மேல எப்பவும் ஒரு ஈரப்படலம் இருக்கணும். அது வெறும் தண்ணி இல்ல. மேல ஒரு எண்ணெய்ப் பூச்சு இருந்தாத்தான் தண்ணி ஆவியாகாம நிக்கும். அந்த எண்ணெய் இந்த இமை விளிம்புல இருக்கற சின்னச் சின்னச் சுரப்பியிலிருந்து வருது. ஒவ்வொரு தடவை கண்ணைக் கொட்டறப்பவும் பிதுங்கி வரும். நீங்க கொட்டறதே இல்ல. சுரப்பியெல்லாம் அடைச்சுக்கிச்சு. எண்ணெய் இல்லாம ஈரம் காய்ஞ்சுபோய், கண்ணு எரிச்சல் தாங்காம அவசரத்துக்குத் தண்ணியைக் கொட்டுது. அது நிக்காது, வழிஞ்சு போயிடும்."

பட்டப்பெயருக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்கும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. என்ன மருந்து போடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டதும் கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள். டாக்டரம்மா முகம் மாறியது.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"ரெண்டு வருஷமா! இது ரத்தக்குழாயைச் சுருக்கிச் சிவப்பை மறைக்கும், அவ்வளவுதான். வேகம் இறங்கினதும் முன்னைவிட அதிகமாச் சிவக்கும். இது கெட்டுப்போகாம இருக்கறதுக்குன்னு உள்ள ஒரு மருந்து சேர்த்திருக்காங்க. நாள் கணக்கா போட்டா அதுவே கண்ணோட மேல்தோலைப் புண்ணாக்கும். உங்களுக்கு ஆக்கியிருக்கு. யாரு குடுத்தா இதை?"

"தெரிஞ்சவங்க. அவங்களும் இதைத்தான் போடறாங்க. பாவம், அவங்களுக்கும் தெரியாது." அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தோன்றியதெல்லாம், நாளைக்கே அக்காவிடம் ஓடிப்போய் இதை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்பதுதான்.

டாக்டரம்மா வழி சொன்னார். அந்தப் பாட்டில் இன்றோடு நிற்க வேண்டும். காலையும் மாலையும் பத்து நிமிஷம் இமைமேல் வெதுவெதுப்பான ஒத்தடம், பிறகு இமையை விளிம்பை நோக்கி மெதுவாக நீவிவிட வேண்டும். பாதுகாப்பு மருந்து கலக்காத செயற்கைக் கண்ணீர், ஒரு தடவைக்கு ஒரு சின்னக் குப்பி. ஃபேன் காற்று முகத்தில் அடிக்கக்கூடாது. அரை மணிக்கு ஒரு தடவை கண்ணை எடுத்துத் தூரத்தில் பார்க்க வேண்டும், இமை இரண்டும் ஒன்றோடொன்று படுகிற மாதிரி முழுசாகக் கொட்ட வேண்டும். அடியோடு போகிற நோய் இல்லை, ஆனால் சொன்னபடி கேட்டால் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும்.

"மேஜை வேலை பார்க்கலாமா டாக்டர்?"

"கண்ணைக் கொட்டினா பார்க்கலாம்."

ஒத்தடம் எப்படிக் கொடுப்பது என்று காட்டுவதற்கு நர்ஸ் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனாள். நடுவில் திரை போட்டு இரண்டு கட்டில். இவளைப் படுக்கவைத்து, சூடான துணிப்பட்டையைக் கண்ணுக்கு மேல் வைத்து, "பத்து நிமிஷம் எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் போனாள். அங்கே வேறு யாரையோ படுக்கவைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, இந்த மாசம் லேட்டு?"

"என்ன பண்றது, மில்லுல ஒரே ரகளை."

பதினாறு வருஷம் பக்கத்து ஸ்டூலிலிருந்து கேட்ட குரல். இவளுக்குத் தெரியாமல் போகுமா? யார் கண்ணிலும் படக்கூடாது என்று இவள் தேடிப் பிடித்த அதே மாடியை, அதே பயத்தில், அவரும் தேடிப் பிடித்திருக்கிறார். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. "அக்கா" என்று கூப்பிட வாயைக்கூடத் திறந்தாள்.

"கண்ணு இப்போ தேவலையா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"நல்லாவே இருக்கு. நாலு வருஷம் முன்னாடி வந்தப்போ எப்படி வந்தேன்! சிவப்பை ஓட்டற அந்தச் சொட்டைப் போட்டுப் போட்டு."

"டாக்டரம்மா என்ன திட்டு திட்டினாங்க உங்களை."

"அன்னைக்கு விட்டதுதான். அதுக்கப்புறம் கையால தொடல."

இவள் திறந்த வாயை மூடவில்லை. நான்கு வருஷம். பாட்டிலை இவள் கையில் கொடுத்தது இரண்டு வருஷம் முன்பு. இது புரிய எண்ணத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

"எங்க மேஜைக்கு இனிமே ஒருத்தர்தானாம்மா," என்று அந்தக் குரல் தொடர்ந்தது. "எனக்குத்தான் கிடைக்கும். கூட இருக்கறவளுக்குக் கண்ணு போயிடுச்சு. சூப்பர்வைசர் காதுல போட்டு வச்சிருக்கேன்."

"அய்யோ பாவம். அவங்களையும் இங்க கூட்டிட்டு வரலாமே?"

"அவளா? டாக்டர்னாலே பயப்படுவா."

"நான் பயப்படல அக்கா. நீங்கதான் பயமுறுத்தி வச்சீங்க."

திரைக்கு அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது. நர்ஸ் கெட்டிக்காரி, சத்தமில்லாமல் வெளியே போய்விட்டாள். இரண்டு பேருக்கும் கண் மூடியிருந்தது. பட்டையை எடுக்க இரண்டு பேரில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

"பாட்டிலைக் குடுத்தப்போ உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"ஏன் அக்கா?"

"முதல்ல கெட்ட எண்ணம் இல்லடி. பையில மிச்சமாக் கிடந்த பாட்டில் அது. நாலு நாளைக்குப் போடுவ, அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அப்புறம் யோசிச்சேன். சொன்னா நீயும் இங்க வருவ. உனக்கும் சரியாயிடும்."

"சரியானா என்ன?"

"சரியானா என்னைக்காவது மேஜைக்கு ஒருத்தர்னு வர்றப்போ உன்னைத்தான் வைப்பாங்க. உன் கண்ணு முன்னாடி என் கண்ணு நிக்காது. எனக்குத் தெரியாதா?"

அவளுக்கு வந்த முதல் கோபம் பாட்டிலைப் பற்றியதுகூட இல்லை. "நீயே இருந்துக்கோ" என்று தோளைத் தட்டினாரே, அதை நம்பிக் குளியலறையில் அழுதாளே, அந்த அழுகையை நினைத்துத்தான் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒரு மனுஷியை இவ்வளவு முட்டாளாக்க வேண்டுமா?

மறுநாள் சூப்பர்வைசர் கூப்பிட்டுக் கண்ணைப் பற்றிக் கேட்டார். அவள் எதையும் மறைக்கவில்லை. கிளம்பும்போது டாக்டரம்மாவிடம் கேட்டு வாங்கிய கடிதத்தை நீட்டினாள். அரை மணிக்கு ஒரு தடவை ஓய்வு கொடுத்தால், முகத்துக்கு நேரான ஃபேனைத் திருப்பி வைத்தால், வேலைக்குத் தகுதி என்று எழுதியிருந்தது.

"ஓய்வா? அரை மணிக்கு ஒரு தடவை மெஷினை நிறுத்தச் சொல்றியா?" என்று சிரித்தார். பிறகு ஏதோ யோசித்து, "அது சரி, அதே லைட்டு, அதே ஃபேன். உன் ஜோடி மட்டும் எப்படித் தப்பிச்சாங்க? நீதான் பக்கத்துல இருந்தவ, நீ சொல்லு," என்றார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

"தப்பிக்கல சார். அவங்களுக்கும் இதேதான். நாலு வருஷமா வைத்தியம் பார்த்து நல்லா வச்சிருக்காங்க. வேலையில ஒரு குறையும் வந்ததில்ல."

ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். ஆனால் சொல்லும்போது உள்ளே ஒரு குளிர்ச்சி பரவியது, அதையும் மறைக்க வேண்டாம்.

சூப்பர்வைசருக்கு யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. கண் கோளாறு உள்ள இரண்டு பேரில் ஒருத்தரைப் பொறுக்கி எடுப்பானேன் என்று, வேறு மேஜைப் பெண்ணைப் புது மெஷினில் உட்காரவைத்தார். இவர்கள் இரண்டு பேரின் முத்திரையும் அன்று சாயங்காலமே வாங்கிக்கொள்ளப்பட்டது.

சாப்பாட்டு அறையில் ஜோடியக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "என்னைக் காட்டிக் குடுத்துட்டாளே! பதினாறு வருஷம் கூடப்பிறந்தவளா நினைச்சேனே!" பெண்களெல்லாம் அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள், ஒருத்தி முதுகைத் தடவினாள். வாசலில் நின்ற இவளைத் திரும்பிப் பார்த்த கண்கள் ஒன்றும் நன்றாக இல்லை. பாட்டில் கதையைச் சொல்லி நியாயம் கேட்கலாம் என்றுதான் வந்தாள். ஆனால் அந்த அழுகையைப் பார்த்தாள். அதில் ஒரு துளிகூட நடிப்பு இல்லை. தமக்குத்தான் துரோகம் நடந்துவிட்டது என்று அந்த மனுஷி மனசார நம்பினார். அதுதான் இவளுக்குத் தாங்கவில்லை. பேசாமல் திரும்பிவிட்டாள்.

மடிப்புப் பிரிவில் தனி ஆளுக்கு வேலை கிடையாது. துணியின் இரு முனைகளையும் இரண்டு பேர் பிடித்து விரிக்க வேண்டும், எதிரும் புதிருமாக நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும், ஒருத்தர் கையிலிருப்பதை இன்னொருத்தர் வாங்கிக்கொண்டு பின்னால் போக வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு தடவை. "பழகின ஜோடி, பிரிக்க வேண்டாம்" என்று சூப்பர்வைசர் பெரிய மனசு பண்ணி இரண்டு பேரையும் ஒரே துணிக்குப் போட்டிருந்தார்.

முதல் நாள் காலை, முதல் துணி. இரண்டு பேரும் விரித்தார்கள், உதறினார்கள், எதிரெதிரே நடந்து வந்தார்கள். விரலோடு விரல் பட்டது. ஜோடியக்கா இவள் கண்ணை ஒரு கணம் உற்றுப் பார்த்தார்.

"மருந்து போட்டியாடி?"

அதே குரல், அதே கரிசனம். ஆஸ்பத்திரியில் "சாப்பிட்டியாடி" என்று கேட்டதும், ஆட்டோவில் "ஒண்ணும் ஆகாதுடி" என்று சொன்னதும், பாட்டிலை நீட்டியதும் இதே குரலில்தான். இதில் எது நிஜம், எது இல்லை என்று இனிமேல் யாரிடம் போய்க் கேட்பது? பதினாறு வருஷமும் மொத்தமாகப் போய்விட்டது.

"அதை இனிமே நீங்க கேக்காதீங்க," என்றாள். அவர் கையிலிருந்த இரண்டு முனைகளையும் வாங்கிக்கொண்டு பின்னால் நடந்தாள். அடுத்த துணிக்கு மறுபடி அவரை நோக்கித்தான் வர வேண்டியிருந்தது.